மின்னலும் வானொலியும்



பேராக் மாநிலத்து இடிமழையைத் தோட்டத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து வரும்போது, வீட்டில் பழைய மீடியம் வேவ் வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மின்னல் வெட்டும் அதே கணத்தில் பெட்டி 'கரகர' என்று இரையும். இடியோசையோ பிந்தித்தான் வரும். இது ஏன்?

மின்னலிலிருந்து ஒளி, வானொலி அலை, ஓசை ஆகிய மூன்றும் ஒன்றாகவே புறப்படுகின்றன. ஓசை காற்றை அதிரச் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு கிலோமீட்டர் கடக்க அதற்கு ஏறக்குறைய 3 வினாடி ஆகும். ஒளியும் வானொலி அலையும் ஒரே குடும்பம். இரண்டும் மின்காந்த அலைகள். இவை வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுபவை. ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போய்ச்சேர, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்கு ஆகாது.

மின்காந்த அலை என்றால் என்ன? ஈயக்குட்டையில் கல்லை எறிந்தால் தண்ணீர் ஏறி இறங்கி, அலை கரைக்கு வருகிறது. ஒளியில் ஏறி இறங்குவது தண்ணீருமல்ல, காற்றுமல்ல, மின்விசையும் காந்தவிசையுமே. மின்விசை மாறினால் காந்தவிசை பிறக்கும். காந்தவிசை மாறினால் மின்விசை பிறக்கும். இப்படி ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டே முன்செல்வதால், காற்றே இல்லாத வெளியையும் கடந்து சூரிய ஒளி 8 நிமிடத்துச் சொச்சத்தில் நம்மை வந்தடைகிறது.

அப்படியானால் வானொலி அலை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை? அலையின் நீளம்தான் வேறுபாடு. மீடியம் வேவ் அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். பச்சை ஒளியின் அலையோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு.

ஒளி மின்காந்த அலையே என்று 1865-இல் மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்னார். 1880-களின் இறுதியில் ஹெர்ட்ஸ் அத்தகைய அலைகளைச் சோதனைக் கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பியின்றி அலையை அனுப்பித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.

இந்த அறிவு ஏட்டோடு நிற்பதன்று, உயிரைக் காப்பது. மின்னலைக் கண்டதும் வினாடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்பது தெரியும். முப்பதை எண்ணும் முன்பே இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. பால்வாளியையும், செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட உலோகக் கம்பையும் அப்படியே வைத்துவிட்டு, உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிந்த பிறகே வேலைக்குத் திரும்புங்கள்.

பிள்ளைகளுக்கும் எண்ணக் கற்றுக்கொடுங்கள்.