சுடாத துப்பாக்கி விளையாட்டு

திருநின்றவூரிலிருந்து வந்திருக்கிறேன்.

"கம்ப்யூட்டர் விளையாட்டு சுடத்தான் கத்துக் கொடுக்குது" என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஐயா, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்கிற அதே துப்பாக்கி விளையாட்டுக்குள்ளே 'சர்ஃப்' என்று ஒன்று இருக்கே, பார்த்திருக்கீங்களா? அங்கே திறமை சறுக்குறதுலதான்! கம்பெனி செஞ்சதில்லை, 2004 வாக்கில் ரசிகர்களிடம் பிறந்தது.

அந்தரத்தில் ஓட்டுக்கூரை மாதிரி சரிவுகள். சரிவு வலப்பக்கம் இருந்தா 'டி' பட்டன், இடப்பக்கம் இருந்தா 'ஏ'. அவசரப்பட்டு முன்னே போகிற 'டபிள்யூ'வை அமுக்கினால் போச்சு, வழுக்கி விழவேண்டியதுதான்! மவுஸை மெதுவா வளைக்கணும். இறங்கும்போது சேர்த்த வேகம்தான் ஏறும்போது கைகொடுக்கும். விழுந்தா? மறுபடி ஆரம்பம். நூறு தடவை விழுந்தவன் நூற்றியோராவது தடவை தாண்டுறான். இந்தப் பொறுமையை எந்த டியூஷன்ல ஐயா வாங்க முடியும்?

கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் வாழ்ந்த ஊர் எங்க ஊர். இந்தச் சரிவுகளையும் பெரும்பாலும் காசு வாங்காமல்தான் ரசிகர்கள் கட்டுகிறார்கள். நாயன்மாரோடு ஒப்பிடலை, ஆசையா உழைக்கிறவன் கூலி கேக்கறதில்லைன்னு சொல்றேன்.

பரீட்சை நேரத்தில் ஆடினால் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா பெற்றோர்களே, ஒயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. பிள்ளை சுடுதா, சறுக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க!