மனநல மதிப்பீடு: அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

(நம் கிளப் ஹவுசில் நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரி கணக்கு, பார்க்கிங் ஸ்டிக்கர் எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். யாரும் போகவில்லை. காரணம் எனக்கும் தெரியும், போன மாதம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த வீடியோதான். மொட்டை மாடியில் ஒரு இளைஞர் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறார். அதற்குக் கீழே வந்த பதில்களை நீங்களும் படித்தீர்கள். "ஓனரிடம் சொல்லிக் காலி பண்ணச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் நியாயமாகப் பேசுவதாக நினைத்து, "டெஸ்ட் எடுத்து சர்டிஃபிகேட் கொடுக்கட்டும், அப்புறம் இருக்கட்டும்" என்றார்.

அந்த டெஸ்டை முப்பது வருடம் செய்தவள் நான். அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன். அந்த இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. அவருக்கு ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. வீடியோவைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்லவும் முடியாது.

முதலில் ஒன்று. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஸ்கேனும் காட்டாது. பிறகு ஏன் ரத்தமும் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள்? வேறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, வலிப்பு, மூளையில் தொற்று, கஞ்சா, இவையெல்லாம் அதே போன்ற அறிகுறிகளைக் காட்டக்கூடும். நம் பிளாக்குகளில் பெரியவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று வரை தெளிவாக இருந்த எழுபத்தைந்து வயதுக்காரர் இன்று திடீரென்று இடம், நேரம் தெரியாமல் பேசினால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், சோடியம் குறைந்ததாக இருக்கலாம். மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள், திங்கட்கிழமை வரட்டும் என்றும் இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி மதிப்பீடு என்பது பெரும்பாலும் பேச்சுதான், கூடவே கவனிப்பும். ஒருவர் எப்படி உடுத்தி வருகிறார், கண்ணைப் பார்க்கிறாரா, பேச்சில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இருக்கிறதா, தேதி தெரிகிறதா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வருகிறதா என்று பார்ப்போம். சில சமயம் பழமொழிக்கு அர்த்தம் கேட்போம். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றால் என்ன என்று கேட்டேன். "ஆமாம் மேடம், சேறாக இருந்தால் சறுக்கும்" என்றார் ஒருவர். உள்ளர்த்தம் பிடிபடாமல் நேர்ப்பொருளிலேயே சிந்தனை நிற்பதற்கு அது ஒரு சின்ன அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்தப் பழமொழியைக் கேட்டே இராத பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்!

குரல் கேட்பதைப் பற்றிக் கேட்பது தனிக் கலை. "பக்கத்தில் யாருமே இல்லாதபோது பேச்சுக் குரல் கேட்பதுண்டா?" என்று ஆரம்பிப்போம். உண்டு என்றால், எத்தனை குரல், உங்களோடு பேசுகிறதா, உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறதா, ஏதாவது செய்யச் சொல்கிறதா, சொன்னால் செய்துவிடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே மாட்டோம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. ஆபத்து அதிகம் இருப்பது அவர்களுடைய உயிருக்குத்தான்.

ஆடி மாதத்தில் சாமி வந்து ஆடுபவரையும், இறந்த கணவர் கூப்பிடுவது போல் கேட்டது என்று சொல்லும் பாட்டியையும் நோயாளி என்று எழுதிவிட மாட்டோம். அவருடைய ஊரும் நம்பிக்கையும் தெரியாமல் உட்கார்ந்தால் மதிப்பீடு தப்பாகத்தான் போகும்.

அளவுகோல்களும் உண்டு. பான்ஸ் என்று ஒன்று 1987இல் வந்தது. முப்பது கேள்வித் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். இது பாஸ், ஃபெயில் விஷயம் இல்லை. மருந்து ஆரம்பித்த பிறகு நிலைமை மாறுகிறதா என்று பார்க்க உதவுவது.

இனி, நான் தப்பு செய்த ஒரு கதை. ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நாற்பது வயதுக்காரர் ஒருவரை அவர் அக்கா அழைத்து வந்தார். "மேல் வீட்டுக்காரர்கள் என் தண்ணீரை நிறுத்துகிறார்கள். குழாய் வழியாக என்னைத் திட்டுகிறார்கள்" என்றார் அவர். நான் நோட்டில் எழுதினேன்: துன்புறுத்தப்படுவதாக மருட்சி, மாயக்குரல். மருந்து தொடங்கியது. இரண்டு மாதத்தில் குழாய்க் குரல் அடங்கிவிட்டது. ஆனால் தண்ணீர்ப் புகார் மட்டும் நிற்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் சமூகப் பணியாளர், "ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தால், மொட்டை மாடியில் அவர்கள் வீட்டு வால்வு உண்மையாகவே மூடியிருந்தது. குடும்பத்தைக் காலி பண்ண வைக்க யாரோ தினமும் காலையில் மூடியிருக்கிறார்கள். அக்காவுக்கும் அது தெரியும். "தம்பியைப் பைத்தியம் என்று சொல்கிற இடத்தில் இதையும் சொன்னால் என்னையும் சேர்த்துத்தானே சொல்வீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நோயும் உண்மை, வால்வும் உண்மை. நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு, யார் எவ்வளவு விசித்திரமான புகார் சொன்னாலும், அதில் எது நடந்தது என்று விசாரிக்காமல் நான் எழுதியதில்லை.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். நோயாளி சொல்வதோடு வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சொல்வதையும் சேர்த்துத்தான் மதிப்பீடு செய்வோம். யாராவது உங்களிடம் கேட்டால் "சைக்கோ மாதிரி நடந்துகொள்கிறார்" என்று சொல்லாதீர்கள், அது எங்களுக்கு எதற்கும் உதவாது. "மூன்று வாரமாக ராத்திரி இரண்டு மணிக்கு நடக்கிறார், சாப்பாட்டுப் பார்சலை வாங்குவதில்லை, முன்பு வணக்கம் சொல்வார், இப்போது சொல்வதில்லை" என்று சொல்லுங்கள். எப்போதிலிருந்து என்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

சர்டிஃபிகேட் கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். சர்டிஃபிகேட் உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு விஷயங்களைப் பார்த்து, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு சலுகைகளுக்காகத் தருவது. அது அவருக்கு, நமக்கு அல்ல. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இன்னும் தெளிவாகச் சொல்கிறது: சமூக வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வது அவருடைய உரிமை. அசோசியேஷன் கேட்டு வாங்க முடியாது.

உதவி வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். வீட்டில் உள்ளவர்களும் கூப்பிடலாம். உடனடி ஆபத்து என்றால் 108.

வீடியோவைக் குரூப்பிலிருந்து செயலாளர் நீக்கிவிட்டார், நன்றி. உங்கள் போனில் இருப்பதை நீங்கள்தான் நீக்க வேண்டும்.

அந்த இளைஞரின் அம்மா தினமும் சாயங்காலம் பார்க்கில் நடப்பவர். வீடியோ வந்த நாளிலிருந்து கீழே இறங்கவில்லை. நேற்று போய் காலிங் பெல் அடித்தேன். கதவைத் திறக்க நேரம் எடுத்தது. காபி கொடுத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றார். நாளை ஆறு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் நடக்கப்போகிறோம். யார் வேண்டுமானாலும் கூட வரலாம்.