அமானிதம் காத்த சட்ட மேதை: பேராசிரியர் அஹ்மது இப்ராஹிம்

(பொன்விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





பாகான் டாலாம் மண்ணில் நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். சட்டமும் சமுதாயமும் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். சட்டப் பிரிவுகளை அடுக்கினால் பின்வரிசையில் இருப்பவர்கள் தேநீருக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். சட்டம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்களின் விளக்குச் சம்பவத்தை நாம் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். அரசாங்க வேலை பார்க்கும்வரை அரசாங்க எண்ணெயில் விளக்கு எரிந்தது. வந்தவர் சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும் அந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினார்கள். எது பொதுச் சொத்து, எது நம் சொத்து என்று கோடு போட்டுக் காட்டிய செயல் அது. எல்லா ஆட்சியாளரும் உமர் ஆகிவிட முடியாது. அதனால்தான் அந்தக் கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டக் கூடாது" என்று சொல்லும் சட்ட அறிஞர் ஒருவர் ஆட்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒருவரை நியமித்தார்கள். அதிபர் ஒபாமா 2009 ஜனவரியில் பதவியேற்ற மறுநாளே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். தரகர்களிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் விவகாரங்களில் இரண்டு ஆண்டுகள் தலையிடக் கூடாது என்றெல்லாம் அதிகாரிகள் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இதைக் கவனித்துக்கொள்ள நார்மன் ஐசன் என்ற வழக்கறிஞர் வெள்ளை மாளிகையில் அமர்த்தப்பட்டார். கேட்டதற்கெல்லாம் "முடியாது" என்று சொன்னதால் அவருக்கு 'மிஸ்டர் நோ' என்றே பெயர் வந்தது. 2011-இல் அவரைச் செக் குடியரசுக்குத் தூதராக அனுப்பினார்கள். அவருடைய தாயார் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, நாஜிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். அந்தத் தாயின் மகன் செக் குடியரசுக்கு ஒரு வல்லரசின் பிரதிநிதியாகப் போனார்.

இது தூரத்துக் கதை. நம் பக்கத்து ஊரிலேயே, அரசாங்கத்தின் சட்ட ஆலோசகராக இருந்து தூதராகப் போன ஒரு முஸ்லிம் பெருமகனார் இருந்தார். நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அவர்தான் பேராசிரியர் அஹ்மது முகமது இப்ராஹிம்.

ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் ஜாலான் அஹ்மது இப்ராஹிம் சாலை இவர் பெயரில் அமைந்ததன்று. அது 1962-இல் காலமான ஓர் அமைச்சரின் பெயர். நாம் பேசும் அஹ்மது இப்ராஹிம் 1916 மே 15-ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தவர், ஒரு மருத்துவரின் மகன். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தார். மலாயா முஸ்லிம்களில் முதன்முதலாகக் குவீன்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். பின்னர் ஊர் திரும்பி வழக்கறிஞராகவும் அரசாங்கச் சட்ட அதிகாரியாகவும் பணியாற்றினார்.

1950-களில் சிங்கப்பூர் முஸ்லிம்களின் குடும்பங்கள் இருந்த நிலையைத் தாய்மார்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். நடந்த திருமணங்களில் ஏறக்குறைய பாதி தலாக்கில் முடிந்துகொண்டிருந்தன. கணவர் காஜியிடம் போய்ச் சொன்னால் பதிவு ஆகிவிடும். மனைவிக்குச் செய்தி பிறகுதான் போகும். 1957-இல் வந்த முஸ்லிம்கள் சட்டம் இதை மாற்றியது. இருவரும் சம்மதித்தால்தான் காஜி தலாக்கைப் பதிவு செய்யலாம், இல்லையென்றால் ஷரீஅத் நீதிமன்றத்திற்குப் போக வேண்டும் என்றானது. 1958-இல் அந்த நீதிமன்றம் பிறந்தது. இந்தச் சீர்திருத்தத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அஹ்மது இப்ராஹிம். மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்றை அவர் தடுக்கவில்லை. அவசரத்திற்கு முன்னால் ஒரு கதவு வைத்தார், அவ்வளவுதான். அதன் பிறகு மணமுறிவுகள் வெகுவாகக் குறைந்தன.

1959-இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது அவர் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஆனார். 1965-இல் தனி நாடானபோது அதன் முதல் அட்டர்னி ஜெனரல் அவரே. அந்தப் பதவிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, அரசாங்கத்திற்கு ஆலோசனை சொல்வது. மற்றொன்று, குற்றவாளிகள் மீது அரசாங்கத்தின் பெயரால் வழக்குத் தொடுப்பது. அவர் பதவியில் இருந்தபோதுதான் 1960-இல் லஞ்ச ஒழிப்புச் சட்டம் வந்தது. அரசாங்கத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ள ஒருவரிடமிருந்து அரசு ஊழியர் பணமோ பொருளோ பெற்றால், அது லஞ்சம் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று காட்ட வேண்டிய பொறுப்பு வாங்கியவருடையது. வருமானத்திற்கு மிஞ்சிய சொத்து இருந்தால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வழக்குகளைத் தொடுக்க அரசாங்க வழக்கு நடத்துநரின் சம்மதம் வேண்டும். அதாவது, பெரிய மனிதர் ஒருவர் மீது வழக்குப் போடலாமா வேண்டாமா என்ற முடிவு ஒரு தனி மனிதரின் மேசைக்கு வரும். அந்த மேசையில் அமர்பவரின் நெஞ்சுறுதிதான் அந்தச் சட்டத்தின் உயிர்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1966 ஆகஸ்டில் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை உருவாக்கியவர் அவர்தான். அதன்படி 1968 ஜூலை 1 முதல் 'முயிஸ்' எனப்படும் முஸ்லிம் சமய மன்றம் செயல்படத் தொடங்கியது. ஜக்காத், பைத்துல்மால், வக்ஃபு சொத்துகள் யாவும் அதன் பொறுப்பில் வந்தன. கணக்கு எழுத வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டமே சொன்னது.

பினாங்குக்காரர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். 1801-இல் காதிர் முகைதீன் அவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்காக 18 ஏக்கர் நிலம் வழங்கியது. அதுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நூறு ஆண்டுகளில் அந்த நிலத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. வருமானம் சரியாக நிர்வகிக்கப்படவில்லை என்ற புகார்களும் எழுந்தன. முடிவில் 1905-இல் முகமதிய, இந்து அறநிலையச் சட்டம் கொண்டுவரப்பட்டு, காலனி அரசாங்கம் அமைத்த வாரியத்தின் கைக்கு வக்ஃபுகள் போயின. நம் கணக்கை நாம் ஒழுங்காக வைத்திருந்தால் வெள்ளைக்காரர் நம் பள்ளிவாசல் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய அவசியம் வந்திருக்காது. அறுபது ஆண்டுகள் கழித்து, அந்தப் பொறுப்பு முஸ்லிம்களின் மன்றத்திடமே திரும்புவதற்கு அஹ்மது இப்ராஹிமின் சட்டம் சிங்கப்பூரில் வழி செய்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு நுட்பம். மார்க்கத் தீர்ப்புகளில் பொதுவாக ஷாஃபி மத்ஹபைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒருவர் வேறொரு மத்ஹபின்படி தீர்ப்புக் கேட்டால் அதன்படியே சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்தார். நம்மில் மரைக்காயர் பலர் ஷாஃபிகள், ராவுத்தர் பலர் ஹனஃபிகள். சிறுபான்மைக்குள் இருக்கும் சிறுபான்மையையும் நினைத்துப் பார்த்த பேனா அது.

இந்தச் சட்டம் நிறைவேறிய கொஞ்ச காலத்தில் அவர் கெய்ரோவுக்குச் சிங்கப்பூரின் தூதராகப் போனார். அன்றைய கெய்ரோ சாதாரண நகரமன்று. அதிபர் நாசரின் தலைநகரம், அணிசேரா நாடுகளின் கூடாரம், அல்-அஸ்ஹர் இருக்கும் இடம். சிங்கப்பூரோ புதிதாகப் பிறந்த ஒரு சின்ன நாடு. சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த நாட்டில் முஸ்லிம்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வி அரபுலகில் எழுவது இயற்கை. அதற்கு அறிக்கைகளால் பதில் சொல்வதைவிட, அந்த நாட்டு முஸ்லிம்களின் சட்டத்தை எழுதியவரையே அனுப்புவது நல்ல பதில். நம்பகமானவர் என்ற பெயரே ஒரு தூதரின் மூலதனம். அதை அவர் கெய்ரோவில் போய்ச் சம்பாதிக்கவில்லை, சட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்துக் கையோடு கொண்டுபோனார்.

தூதர் பணிக்குப் பின் ஓய்வெடுக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. மலேசியாவுக்கு வந்தார். 1972-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். 1983-இல் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் சட்டத்துறையையும் அவரே நிறுவினார். இன்று அந்தத் துறைக்கே அவர் பெயர்தான். நம் நாட்டின் இஸ்லாமியக் குடும்பச் சட்டங்களிலும் அவருடைய கைத்தடம் இருக்கிறது. ஷரீஅத் நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றிய 1988-ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்திலும் அவர் சிந்தனைக்குப் பங்குண்டு. அந்தத் திருத்தத்தின் எல்லை எது என்று இன்றும் நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். வாதத்திற்கு உரிய விஷயத்தைத் தொட்டவர் என்பதும் ஒரு பெருமைதான். 1999 ஏப்ரல் 17-இல் அவர் மௌத்தானார். அல்லாஹ் அவருக்கு மஃபிரத் செய்வானாக.

சகோதரர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நல்ல மனிதர் இருக்கும்வரை நல்லது நடக்கும். அவர் போன பிறகும் நடக்க வேண்டுமென்றால் எழுதி வைக்க வேண்டும். அஹ்மது இப்ராஹிம் செய்தது அதைத்தான். தம் நேர்மையைத் தம்மோடு கொண்டுபோகாமல் சட்டத்தில் விட்டுவிட்டுப் போனார்.

நம் சங்கத்திற்கும் அதுவே பொருந்தும். மையித் நிதிக்கு ஒரு வெள்ளி கொடுக்கும் ஏழைப் பெண்மணியின் பணமும் அமானிதம், நோன்புக் கஞ்சிக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கும் வியாபாரியின் பணமும் அமானிதம். நம் நாட்டின் சங்கங்கள் சட்டமும் அதே 1966-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. பதிவிலாகா கேட்கிறது என்பதற்காக மட்டும் அதைச் செய்யாமல், நம் உறுப்பினர்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்வோம். கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்பவரை நம்மில் சிலர் விரோதியாகப் பார்க்கிறோம். "என்னை நம்பவில்லையா?" என்று பொருளாளர் வருத்தப்படுகிறார். கேள்வி கேட்பவர்தான் பொருளாளரின் பெயரைக் காப்பாற்றுகிறவர். நாளைக்கு வதந்தி எழும்பும்போது, அன்று கேட்ட கேள்வியும் எழுதி வைத்த பதிலும்தான் சாட்சிக்கு வரும்.

இங்கே முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர்களே, டாக்டராக்கப் போகிறோம், இன்ஜினியராக்கப் போகிறோம் என்று சொல்கிறீர்கள், மாஷா அல்லாஹ். ஒரு பிள்ளையையாவது சட்டம் படிக்க வையுங்கள், ஒரு பிள்ளையையாவது அரசாங்கச் சேவைக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது, பெரியவர்கள் கேட்டாலும் முறையற்றதற்கு "முடியாது" என்று மரியாதையாகச் சொல்லவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். அந்தப் பெரியவர் நீங்களாகவே இருந்தாலும் சரி.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை யார் திறந்தாலும் தலைநிமிர்ந்து நிற்கும் நிலையை அல்லாஹ் நமக்குத் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.