வலியில்லாத பித்தப்பைக் கல்
(சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வேறு ஏதோ காரணத்துக்கு ஸ்கான் எடுக்கப் போன இடத்தில், "பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்ட பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "கல்லைக் கண்டும் ஏன் வெட்டி எடுக்கேல்லை? நாங்கள் அகதியள் எண்டபடியாலோ?"

அப்படியில்லை. இங்கே இங்கிலாந்தில் 2014இல் வெளியான நைஸ் வழிகாட்டி, பித்தப்பையும் குழாய்களும் சாதாரணமாக இருந்து, வலியும் இல்லாவிட்டால் சிகிச்சை தேவையில்லை என்றே சொல்கிறது. அது வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பைக்குள் போய், தண்ணீர் உறிஞ்சப்பட்டுத் தடிக்கிறது. பை சிறியது, 30 முதல் 50 மில்லிலீற்றர்தான் கொள்ளும். கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் சிறுகுடலில் ஒரு ஹோர்மோன் சுரந்து பையைச் சுருங்க வைக்கும். பித்தநீர் குடலுக்குள் இறங்கிக் கொழுப்பைச் சமிக்கச் செய்யும். (எங்கடை ஆட்கள் பித்தம் எண்டால் தலைச்சுத்து எண்டு நினைப்பினம். அது வேறு கதை.)

கல் இருப்பது வேறு, பை வேலை செய்யாமல் இருப்பது வேறு. கல் கிடந்தாலும் பலருக்குப் பை சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு அது மந்தமாக நடந்து, சாப்பிட்ட பிறகும் பித்தநீர் கூடத் தேங்கி நிற்கும். சாப்பிட முன்னும் பின்னும் ஸ்கான் எடுத்தால் இதை அளக்கலாம். கல் பையின் வாசலிலோ குழாயிலோ போய் அடைத்தால்தான் வலி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் வலியில்லாத கல்லுள்ள 123 பேரைப் பல வருடம் அவதானித்து 1982இல் எழுதினார்கள். 15 வருடத்தில் வலி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 18 மட்டுமே. அவர்களில் அநேகர் ஆண்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மிகப் பெரிய கல், பையின் சுவரில் சுண்ணாம்பு படிதல் போன்றவை இருந்தால் டொக்டர் வேறு முடிவு எடுக்கலாம்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. கல் எண்டு கேட்டதும் சிலர் எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் விட்டு, பட்டினியும் கிடக்கிறார்கள். கொழுப்பே வராவிட்டால் பை சரியாகச் சுருங்காது. தேங்கின பித்தநீரில்தான் கல் வளரும். கெதியாக மெலிவதும் கல்லைக் கூட்டும். வருடப்பிறப்புப் பலகாரத்தை அளவோடு சாப்பிடுங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

ஆனால் மேல்வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி வந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், வாய்வு எண்டு ஓமத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கவேண்டாம். டொக்டரிடம் போய், "எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கு" என்று முதலில் சொல்லுங்கோ. காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அதற்குக் காசில்லை. பள்ளிக்கூடம் போற பிள்ளையை மறிச்சுக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை.