நம்ம முதுகையும் கவனிப்போம்



2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, நம்ம குழுப் பெண்களும் தன்னார்வலரா வீடு வீடா போய் பிரஷர், சுகர் பார்க்கிறோம். பிள்ளையார்பாளையத்துல தறிக்குழி பக்கம் குனிஞ்சு குனிஞ்சு நமக்கே இடுப்பு வலி. தைலம் தடவிட்டுக் கிளம்பிடறோம்.

ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பைலேட்ஸ் உருவாக்கிய 'பைலேட்ஸ்' பயிற்சி, வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கிட்டு, செல்போனில் பார்த்துச் செய்யலாம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவா தூக்கி இறக்கணும். வலிச்சா நிறுத்திடணும். கால் மரத்துப்போனா உடனே டாக்டரைப் பார்க்கணும்.

வாரம் மூணு நாள் குழுவா சேர்ந்து செய்வோம். நாம படுத்துட்டா, அந்த வீடுகளுக்கு மாத்திரை யார் கொண்டுபோவாங்க?