கேட்காத பாட்டைப் பாடுவது எப்படி?

[ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.]

இந்தத் தொடரைக் கேட்கிறவர்களில் நிறையப் பேர் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறவங்கன்னு உங்க மின்னஞ்சல்களைப் பார்த்தாலே தெரியுது. அதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "மேற்கத்திய இசையில் ஐந்து கோடு, முழுச்சுரம், அரைச்சுரம் எல்லாம் பாடத்துல இருக்கு. தேர்வுக்கு மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா எனக்கே சரியா பாட வராது. ஜூன்ல பிள்ளைங்க முன்னாடி நின்னு என்ன செய்யப் போறேன்?"

நியாயமான பயம்தான். அதுக்குப் பதில் சொல்ல ஆயிரம் வருஷம் பின்னாடி போகணும். இந்தக் கோடுகளைக் கொண்டு வந்தவரே உங்களை மாதிரி ஒரு ஆசிரியர். பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துக் கொடுத்துச் சலிச்சுப்போன ஆசிரியர்.

பெயர் கைதோ. இத்தாலியில் பொம்போசா என்ற மடத்தில் துறவி. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் தேவாலயப் பாடல்களை எழுதி வைக்க ஒரு முறை இருந்தது. சொற்களுக்கு மேலே சின்னச் சின்னக் கொக்கிகள், வளைவுகள். குரல் இங்கே ஏறுது, இங்கே இறங்குதுன்னு அது சொல்லும். எவ்வளவு ஏறுதுன்னு சொல்லாது. அப்படின்னா, பாட்டு ஏற்கெனவே தெரிஞ்சவருக்கு அது ஞாபகக் குறிப்பு. தெரியாதவருக்கு ஒண்ணுமே இல்லை. வருஷம் முழுக்கப் பாட வேண்டிய பாடல்களை ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் காதுக்குத்தான் மாற்றியாகணும். பத்து வருஷம் படித்தும் பையன்கள் அரைகுறையாகத்தான் பாடுகிறார்கள் என்று கைதோ எழுதியிருக்கிறார். தன் முறையில் ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம்.

என்ன முறை? கோடு போட்டார். சுரம் கோட்டின் மேலே உட்காரும், அல்லது இரண்டு கோட்டுக்கு நடுவில் உட்காரும். ஆனால் அதைவிடப் புத்திசாலித்தனமான வேலை ஒண்ணு செய்தார். எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரி விடவில்லை. ஒரு கோட்டுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு மஞ்சள். சிவப்பு F சுரத்துக்கு, மஞ்சள் C சுரத்துக்கு. இல்ல, இதைத் தமிழ்லயே சொல்லிடுறேன்: எஃப், சி.

ஏன் அந்த இரண்டு? இதுதான் இன்னைக்கு விஷயமே. உங்க பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் பாருங்க, ஹார்மோனியம் ஆனாலும் சரி. வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவில் கறுப்புக் கட்டைகள் இருக்கு. ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் இல்லை. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு இல்லை. பி-க்கும் சி-க்கும் நடுவிலும் இல்லை.

[கீபோர்டில் வாசிக்கிறார்: ஈ, எஃப். பிறகு பி, சி.]

நம்ம ஊர்க் கச்சேரிப் பேச்சிலும் இது இருக்கு. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு, இரண்டரை, மூன்று. அப்புறம் நேரா நாலு கட்டை. மூன்றரைக் கட்டை சுருதின்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவில் அரைப்படிதான் தூரம், அதில் இன்னொரு கட்டைக்கு இடமே இல்லை.

இப்போ சி-யில் தொடங்கி அடுத்த சி வரைக்கும் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் அது மேஜர் ஸ்கேல். நமக்கு அது சங்கராபரணத்தின் சுரங்கள். படிகளை எண்ணிப் பாருங்க: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. அந்த இரண்டு அரைப்படி எங்கே விழுதுங்கிறதுதான் ஒரு ஸ்கேலுக்கு முகம் கொடுக்குது. இடம் மாறினால் ஆளே மாறிடும்.

பிரச்சினை என்னன்னா, கோடுகளில் எழுதும்போது எல்லாப் படியும் ஒரே உயரமாகத் தெரியும். ஈ-யிலிருந்து எஃப்-க்கு ஏறுவதும், எஃப்-லிருந்து ஜி-க்கு ஏறுவதும் தாளில் ஒரே தூரம். காதுக்கு அப்படி இல்லை. அதனால்தான் அரைப்படிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற எஃப், சி இரண்டுக்கும் கைதோ வண்ணம் பூசினார். "இந்தக் கோட்டுக்குக் கீழே படி சின்னது, கால் இடறாதே"ன்னு ஒரு எச்சரிக்கைப் பலகை. இன்றைக்கு வண்ணம் போய்விட்டது, அதன் வேலையைச் செய்வது க்ளெஃப். பேஸ் க்ளெஃப் என்பது எஃப் என்ற எழுத்து உருமாறி வந்தது. அதன் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஓடுகிற கோடுதான் எஃப். ட்ரெபிள் க்ளெஃப் ஜி எழுத்து. வகுப்பில் க்ளெஃபை அழகாக வரையச் சொல்லி ஒரு பீரியட் ஓட்டுகிறோம். அது எதுக்கு அங்கே இருக்குன்னு சொல்வது அபூர்வம்.

கண்ணுக்கு ஆயிற்று, காதுக்கு? அதுக்கு அவர் ஒரு பாடலை எடுத்துக்கொண்டார். புனித யோவானைப் பற்றிய லத்தீன் துதிப்பாடல். அதில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளை எடுத்தால்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. உத் பிற்காலத்தில் தோ ஆனது. ஏழாவது சுரம் சி-யும் பிறகு சேர்ந்தது. இந்த ஆறு அசைகளில் ஒரே ஒரு அரைப்படிதான், நடுவில்: மி–ஃபா. பையன் எந்தப் புதுப் பாட்டைப் பார்த்தாலும் மி–ஃபா எங்கேன்னு கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாக வரும்.

கைதோவின் மடத்தில் இதற்கு வரவேற்பு இல்லை. சக துறவிகளின் பொறாமையில் அவர் வெளியேறி 1025 வாக்கில் அரெத்சோ ஊருக்குப் போனார். பிறகு போப் பத்தொன்பதாம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்தார். கோடு போட்ட பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த போப், அதுவரை கேட்டே இராத ஒரு அடியை, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதற்குள் தானே பாடிவிட்டார். இதைக் கைதோ தன் பழைய மடத்து நண்பர் மிக்கேலுக்குக் கடிதத்தில் எழுதுகிறார். ரோமின் கோடை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டதையும் அதே கடிதத்தில் சொல்கிறார். மனுஷன்தானே.

விரல் கணுக்களில் சுரங்களை எழுதிய ஒரு கையின் படம் பாடப்புத்தகங்களில் 'கைதோவின் கை' என்று வரும். அவர் எழுதியதாகக் கிடைப்பவற்றில் அந்தப் படம் இல்லை. தேர்வில் கேட்டால் எழுதிட்டு வாங்க, வகுப்பில் கொஞ்சம் ஜாக்கிரதையா சொல்லுங்க.

சரி, எண்ணூறு வருஷம் தாண்டுவோம். இங்கிலாந்தில் நார்விச் நகரம். சாரா குளோவர் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்குத் தேவாலயப் பாட்டு சொல்லிக் கொடுக்க அந்த அசைகளை எடுத்தார், கோடுகளை விட்டுவிட்டார். அசைகளின் முதல் எழுத்தை மட்டும் வரிசையாக எழுதினார். சோல், சி இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் சி-யைத் தீ என்று மாற்றினார். 1835-ல் புத்தகம் வந்தது. அடுத்து ஜான் கர்வென், சபை ஊழியர். இசைப் பயிற்சி பெற்றவர் அல்ல. 1841-ல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில், பாட்டு கற்பிக்க எளிய வழி கண்டுபிடித்துத் தரும்படி அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் குளோவரின் முறையை எடுத்து வளர்த்தார். வெறும் எழுத்துகள் என்பதால் எந்தச் சாதாரண அச்சகத்திலும் அச்சடிக்கலாம், அதனால் மலிவு. அதுவே பரவலுக்குப் பெரிய காரணம்.

இதில் தோ எங்கே வேண்டுமானாலும் இருக்கும். பிரான்சிலும் இத்தாலியிலும் தோ என்றால் எப்போதும் சி கட்டைதான். கர்வெனுக்கு அப்படி இல்லை. பிள்ளையின் குரலுக்கு எது வசதியோ அது தோ. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐந்தரைக் கட்டைக்கும் ஸ, ஒரு கட்டைக்கும் ஸ. நம்ம மாணவர்களுக்கு வேறு ஊர்ப் பிள்ளைகளைவிட இது சீக்கிரம் புரியும். அந்த வசதியைப் பயன்படுத்துங்க.

பிறகு கர்வென் கை அடையாளங்களைச் சேர்த்தார். தோ-வுக்கு மூடிய முஷ்டி. மி-க்குத் தரையைப் பார்த்த தட்டையான உள்ளங்கை. ஃபா-வுக்குக் கட்டைவிரல் கீழே காட்டும், மி பக்கம் சாய்வதால். தீ-க்கு ஆள்காட்டி விரல் மேலே காட்டும், தோ-வுக்குப் போகத் துடிப்பதால். பாருங்க, விரல் நீட்டிக் காட்டுகிற இரண்டும் அரைப்படிக்காரர்கள்தான்! ஹங்கேரியில் கோதாய் முறைக்காரர்கள் இவற்றை எடுத்து, தாழ்ந்த சுரத்துக்கு இடுப்பு, உயர்ந்ததுக்கு நெற்றி என்று உயரத்தையும் சேர்த்தார்கள்.

இப்போ "எனக்குப் பாட வராது"ங்கிறவங்களுக்கு. அரைப்படிதான் சுருதி விலகுகிற இடம். அப்படின்னா முதல் மாதங்களில் அதை எடுத்துடுங்க. கார்ல் ஓர்ஃப் முறையில் பிள்ளைகள் தட்டுகிற சைலஃபோனில் கட்டைகளைக் கழற்ற முடியும். சி ஸ்கேலில் எஃப்-ஐயும் பி-யையும் கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் சி, டி, ஈ, ஜி, ஏ. மோகனம். எதைத் தட்டினாலும் உறுத்தாது. கோதாய் வழியும் ஏறக்குறைய இதேதான்: முதலில் சோ–மி இரண்டே சுரம், பிறகு லா, பிறகு ரே, தோ. ஃபா-வும் தீ-யும் ரொம்பப் பின்னாடி.

நீங்களும் அப்படியே தொடங்கலாம். இரண்டு சுரம் உங்களால் பாட முடியும். கீபோர்டில் ஜி, ஈ தட்டிக் கேளுங்க, கூடவே பாடுங்க, கையைக் காட்டுங்க. பிறகு சத்தம் போடாமல் கையை மட்டும் காட்டினால் பிள்ளைகள் பாடணும். அவங்க கேட்டே இராத வரிசையை உங்க கை எழுதும், அவங்க வாய் படிக்கும். அதற்கு அப்புறம் இரண்டு கோடு போதும், ஐந்து வேண்டாம். 'பாட வராது'ன்னு முதல் வாரத்திலேயே ஓரமா உட்கார வைக்கப்படுற பிள்ளைக்கும் இதில் செய்ய ஒரு வேலை இருக்கும். அந்தப் பிள்ளையை முதலில் கை காட்ட வைங்க. பாட்டு பின்னாடி வரும்.

ரெக்கார்டர் குழலை முதல் நாளே முப்பது பேருக்குக் கொடுக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். என் அபிப்பிராயம், வேண்டாம். காது தயாராகிறதுக்கு முன்னாடி முப்பது குழல்னா பக்கத்து வகுப்பு ஆசிரியர் உங்களோட பேசமாட்டார்.

அடுத்த எபிசோடில் மைனர் ஸ்கேல். அதே ஏழு வெள்ளைக் கட்டைதான், ஏ-யிலிருந்து தொடங்கினால் அரைப்படிகள் எங்கே போய் விழுதுன்னு அதுக்குள்ள எண்ணி வெச்சிருங்க. கீபோர்டு இல்லாதவங்க போனில் ஒரு பியானோ ஆப் இறக்கிக்குங்க.