சான்றிதழுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

(மாணவிகளுக்கான கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மகளின் சான்றிதழ். தங்க நிற எழுத்து, வட்ட முத்திரை, இரண்டு கையெழுத்து. ஓராண்டு நர்சிங் அசிஸ்டெண்ட் பயிற்சி முடித்ததாக அதில் எழுதியிருந்தது. காதில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். மகள் வேலை கேட்டுப் போன இடத்தில், "இது எந்தக் கவுன்சிலில் பதிவானது?" என்று கேட்டார்களாம். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. "ஹஜ்ரத், இது செல்லுமா, செல்லாதா?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நான் அறிந்துகொண்டவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நர்சிங் அசிஸ்டெண்ட் என்பவர் யார்? படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பவர். குளிப்பாட்டுபவர், ஊட்டிவிடுபவர், மலஜலம் துடைப்பவர். டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நோயாளியோடு பகலும் இரவும் இருப்பவர் இவர்தான். நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். நிமிர்த்தி உட்கார வைக்காமல் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் போகும். தூக்கும் முறை தெரியாமல் தூக்கினால் நோயாளிக்கு எலும்பு முறியும். தூக்குபவருக்கு முதுகு போகும். இது சாதாரண வேலையா? இதற்குப் பயிற்சி வேண்டாமா?

நம் நாட்டில் நர்ஸ் படிப்புக்குச் சட்டம் இருக்கிறது. சென்னை மாகாணத்திலேயே 1926-ல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-ல் புதிய ஆணையச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்யலாம். ஆனால், ஆறு மாதம், ஒரு வருடம் என்று மாடி அறைகளில் நடக்கும் தனியார் பயிற்சிகள் இந்தக் கதவுக்கு வெளியே நிற்பவை. அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்' என்ற சான்றிதழ் இருக்கிறது. அது உதவியாளர் வேலைக்கான சான்றிதழ். அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. இந்த வேறுபாட்டைச் சேர்க்கும்போதே சொல்லியிருந்தால் அந்தத் தாய் ஏமாந்திருப்பாரா?

சரி, உதவியாளர் பயிற்சியைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாதா? முடியும். அதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்கச் சட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நல்ல சட்டம் எங்கே இருந்தாலும் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அங்கே முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடந்த அவலங்கள் பற்றிப் பல ஆண்டுகள் புகார் எழுந்தது. 1986-ல் நிபுணர் குழு ஒன்று விரிவான அறிக்கை கொடுத்தது. 1987 டிசம்பரில் சட்டம் வந்தது. மத்திய அரசு குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. பயிற்சி நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதும் ஆய்வு செய்வதும் மாநில அரசுகளின் பொறுப்பாயிற்று. அதில் ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பயிற்சி நேரம். குறைந்தது 75 மணி நேரம். முதல் 16 மணி நேரப் பாடம் முடியாமல் நோயாளியைத் தொடவே கூடாது. கிருமி பரவாமல் தடுப்பது, ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியது, நோயாளியின் உரிமைகளை மதிப்பது ஆகியவை அந்த முதல் பாடத்தில் வருகின்றன. இது தவிர நர்ஸின் நேரடி மேற்பார்வையில் குறைந்தது 16 மணி நேரம் செய்முறைப் பயிற்சி.

இரண்டு, தேர்வு. எழுத்துத் தேர்வு அல்லது வாய்மொழித் தேர்வு. அதோடு செய்து காட்டும் தேர்வு. செய்முறைத் தேர்வை நடத்தி மதிப்பிடுவது மாநில அரசோ, அது ஒப்புதல் அளித்த அமைப்போதான். வேலை கொடுக்கும் பராமரிப்பு இல்லம் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. தேர்ச்சி பெறத் தவறினால் குறைந்தது மூன்று வாய்ப்பு உண்டு.

மூன்று, பதிவேடு. ஒவ்வொரு மாநிலமும் உதவியாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். நோயாளியை அடித்தார், பொருளைத் திருடினார் என்று உறுதியானால் அதுவும் அதில் ஏறும். சம்பந்தப்பட்டவர் தன் தரப்பு விளக்கத்தையும் பதிவு செய்யலாம். வேலைக்கு எடுக்கும் முன் நிர்வாகம் அந்தப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும்.

நான்கு, கட்டணம். பராமரிப்பு இல்லத்தில் வேலையில் இருப்பவரிடமோ, வேலை தருவதாக உறுதி பெற்றவரிடமோ பயிற்சிக்கும் தேர்வுக்கும் பணம் வாங்கக் கூடாது. புத்தகத்துக்கும் கூடாது. சொந்தப் பணத்தில் படித்தவர் 12 மாதத்துக்குள் அத்தகைய வேலையில் சேர்ந்தால், அந்தச் செலவைத் திருப்பிக் கொடுக்க மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். அடகுக் கடைக்குப் போன அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்!

ஐந்து, நிறுவனத்துக்குக் கண்டிப்பு. பராமரிப்பில் பெரும் குறை கண்டு தண்டிக்கப்பட்ட இல்லம் இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சி நடத்தும் தகுதியை இழக்கும்.

அந்தச் சட்டம் குறையே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. 75 மணி நேரம் போதாது என்று 2008-ல் நிபுணர் குழு சொன்னது. 120 ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. மத்திய விதி உயரவில்லை. ஆனால் சில மாநிலங்கள் தாமே உயர்த்திக்கொண்டன. கலிபோர்னியாவில் 160 மணி நேரம். மெயின் மாநிலத்தில் 180. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், ஆள் பற்றாக்குறையால் விதியைத் தளர்த்தினார்கள். 2022 ஜூனில் அந்தத் தளர்வை முடித்துக்கொண்டார்கள். நெருக்கடியில் வளைந்தாலும், பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை.

சிலர் கேட்பார்கள்: "இவ்வளவு விதி போட்டால் சின்ன நிறுவனங்கள் மூடிவிடுமே! ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரு வழியும் அடைபடுமே!" நியாயமான கேள்விதான். அங்கேயும் இந்தக் குறை சொல்லப்படுகிறது. இரண்டு ஆண்டுத் தடையால் பயிற்சி இடங்கள் குறைகின்றன என்கிறார்கள். எனவே பூட்டுப் போடுவது மட்டும் அரசின் வேலையல்ல. அரசு மருத்துவமனைகளிலேயே பயிற்சி இடங்களைத் திறந்துவிட வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பணத்தையும் ஒரு வருடத்தையும் கொடுத்துவிட்டு, செல்லாத காகிதத்தோடு நிற்பது வழியா? ஏழைக்குத்தான் காசு இரண்டாம் முறை கிடைக்காது. ஆகவே ஏழைக்குத்தான் சட்டத்தின் காவல் அதிகம் வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: நர்சிங் உதவியாளர் என்ற பெயரில் நடக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் அனுமதி கட்டாயமாக வேண்டும். தேர்வை நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர் நடத்த வேண்டும். யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு வேண்டும். இந்தச் சான்றிதழால் எந்த வேலைக்குப் போகலாம், எதற்குப் போக முடியாது என்பதைச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும்.

தாய்மார்களே! அரசு செய்யும் வரை நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். யார் அங்கீகரித்தது? எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் செய்முறைப் பயிற்சி? தேர்வு நடத்துவது யார்? சான்றிதழ் எந்தப் பதிவேட்டில் ஏறும்? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அதைக் கவுன்சிலில் விசாரித்த பிறகு ரசீது போடச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். "உம்மா, உங்கள் மகள் கற்றுக்கொண்ட வேலை வீணல்ல. ஆனால் இந்தக் காகிதம் அவரை நர்ஸ் ஆக்காது" என்றேன். நீண்ட நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "இதைச் சேர்க்கிற அன்றைக்கு ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் இனி அந்த ஒருவராக இருக்க வேண்டும்.